கைக்கு அடக்கமான ஜப்பான் கடற்கரை

ஜப்பான் என்றாலே புல்லட் ரயிலும் பெருஞ்செலவும்தான் என்று நினைத்து, கிளம்பும் முன்பே ரயில் பாஸ் வாங்கிவிடுகிறார்கள் பலர். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ஜே.ஆர். பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோவிலேயே தங்கப்போகும் நண்பர் குழுவுக்கு அது தண்டச்செலவு. சாதாரண ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் காமகுரா வந்துவிடுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் வெண்கலத்தில் வார்த்த புத்தர், 11 மீட்டருக்கு மேல் உயரமானவர், அங்கே வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார். பார்க்கச் சில நூறு யென் போதும். அங்கிருந்து யுய்கஹாமா கடற்கரைக்கு நடந்தே போகலாம். எனோடென் என்கிற குட்டி ரயில் கடலை ஒட்டியே ஓடி, எனோஷிமா தீவுப்பக்கம் இறக்கிவிடும்.

“அந்த மணல் கறுப்பாயிற்றே, ஒகினாவா மாதிரி வருமா?” என்று கேட்கலாம். வராதுதான். ஆனால் ஒகினாவாவுக்கு விமானம் ஏற வேண்டும். நாலு பேர் டிக்கெட்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டம் நெரியும் என்பது இன்னொரு குறை, அது நியாயமானதே. கோடை ஞாயிறுகளைத் தவிர்த்து வார நாளில் போவது உத்தமம். ஆகஸ்ட் நடுவில் ஓபோன் விடுமுறை கழிந்தால் ஜெல்லிமீன் தொல்லை என்று ஜப்பானியர்களே கடலில் இறங்கத் தயங்குவார்கள். குளிக்க ஆசையிருந்தால், மழை ஓய்ந்த ஜூலைக் கடைசிதான் தோது.