துப்பாக்கி வியாபாரமும் ஆவடித் தொழிலாளரும்

(முகப்பேர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

  

அமெரிக்காவிலே ஒரு துப்பாக்கிக் கம்பெனி. அதன் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் நமக்கும் அந்தத் தொழிலுக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட் தூரம்தான். ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலை இருக்கிறது. டாங்கிக்கு எஞ்சின் செய்கிற தொழிற்சாலை இருக்கிறது. சிப்பாய்க்கு உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையும் இருக்கிறது.

முதலில் அமெரிக்கக் கதை. சாமுவேல் கோல்ட் என்பவர் 1836-ல் சுழல் துப்பாக்கிக்குப் பேட்டண்ட் வாங்கிக் கம்பெனி ஆரம்பித்தார். சரக்கு விற்கவில்லை. 1842-ல் ஆலையை மூடினார். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். 1846-ல் அமெரிக்க சர்க்கார் மெக்ஸிகோவின் மீது போர் தொடுத்தது. ராணுவத்திலிருந்து 1,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் வந்தது. செத்த கம்பெனி எழுந்து உட்கார்ந்தது! 1855-ல் ஹார்ட்போர்டு நகரில் பெரிய ஆலையே எழும்பிற்று. பிறகு உள்நாட்டுப் போர், உலகப் போர்கள், வியத்நாம். வியத்நாம் குடியானவன் மீது அமெரிக்கச் சிப்பாய் நீட்டிய எம்-16 துப்பாக்கி இந்தக் கம்பெனியின் சரக்குதான். ஜவுளி முதலாளி தீபாவளியை எதிர்பார்ப்பான். துப்பாக்கி முதலாளி எதை எதிர்பார்ப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இவ்வளவு லாபம் பார்த்த ஆலையில் தொழிலாளி கதி என்ன? 1986 ஜனவரியில் சுமார் 1,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு நாள், ஒரு மாதமல்ல தோழர்களே, 4 ஆண்டுகள்! நிர்வாகம் கருங்காலிகளை உள்ளே விட்டு ஆலையை ஓட்டியது. 1988-ல் எம்-16 ஆர்டரே வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. கைதேர்ந்தவனை வெளியே நிறுத்தினால் வேறென்ன நடக்கும்? 1990-ல் ஒப்பந்தம் ஏற்பட்டுத் தொழிலாளர்கள் உள்ளே போனார்கள். தொழிலாளர் வென்றனர், கம்பெனி நிலைக்கவில்லை. 1992-ல் திவால், 2015-ல் மறுபடி திவால், 2021-ல் செக் நாட்டுக் கம்பெனியின் கைக்கு மாறியது. ரெமிங்டன் என்று இன்னொன்று. 1816 முதல் இலியன் என்ற ஊரே அதை நம்பிப் பிழைத்தது. 2024-ல் அந்த ஆலையைப் பூட்டி, தொழிலைத் தெற்கே ஜார்ஜியாவுக்குக் கொண்டு போனார்கள். சங்கத்தின் பலம் குறைந்த பிரதேசம் அது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் பட்ட பாடு தனிக் கதை. அதற்கு இன்னொரு கூட்டம் போட வேண்டும். ஆனால் 1961-ல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை சர்க்கார் சொத்தாக வந்தது நிஜம். பிரிட்டிஷ் விக்கர்ஸ் கம்பெனியின் வரைபடத்தை வைத்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அப்புறம் சோவியத் நாட்டு டி-72. பிறகு ரஷ்ய டி-90. ஆவடியிலேயே வரைந்து, ஆவடியிலேயே செய்த அர்ஜுன் டாங்கியும் வந்தது. கட்டவண்டிக்குப் பட்டை அடித்தவன் பேரன் டாங்கிக்குச் சக்கரம் பூட்டினான்.

டாங்கியைக் கண்டு கம்யூனிஸ்ட் பூரிக்கலாமா என்று ஒரு தோழர் கேட்டார். நாம் சமாதானத்தின் பக்கம், அதிலே சந்தேகமில்லை. ஆகவேதான் சொல்கிறேன்: ஆயுதம் வியாபாரச் சரக்காகக் கூடாது. இந்தத் தளவாடத் தொழிற்சாலைகளின் மூலம் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது. 1802-ல் கல்கத்தாவை அடுத்த காசிப்பூரில் பீரங்கி வண்டி செய்ய ஆரம்பித்தார்கள், நம்மையே அடக்குவதற்கு. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ஏற்பாடு சர்க்கார் இலாகாவாக நடந்தது. அடக்க விலைக்கு ராணுவத்துக்குக் கொடுப்பது; லாபமும் வேண்டாம், நட்டமும் வேண்டாம். சண்டை வராதா என்று ஏங்குகிற பங்குதாரன் அங்கே கிடையாது.

இதை உடைக்கத்தான் மோடி சர்க்கார் முனைந்தது. 2019 ஆகஸ்ட் 20-ல் நாடெங்கும் 41 தொழிற்சாலைகளில் சுமார் 80,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மூன்று சம்மேளனங்களும் ஒன்றாக நின்றன. ஆளுங்கட்சியின் சித்தாந்தத்தோடு ஒட்டிய சம்மேளனமும் கூட! பேசித் தீர்ப்போம் என்று சர்க்கார் சொன்னது. 2021 ஜூன் 30-ல் பேசாமலே ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டுச் சிறை, தூண்டிவிட்டால் 2 ஆண்டு. ஆகஸ்டில் அதைச் சட்டமாகவே நிறைவேற்றிக்கொண்டது. அக்டோபர் 1-ல் தளவாட வாரியத்தைக் கலைத்து 7 கம்பெனிகளாகப் பிரித்தது. டாங்கித் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் ஒரு கம்பெனி. அதன் தலைமையகம் ஆவடி. உடுப்புத் தொழிற்சாலை வேறொரு கம்பெனி. அதன் தலைமையகம் கான்பூர். ஒரே ஊர்த் தொழிலாளி, இரண்டு எஜமானன்!

பங்கெல்லாம் சர்க்காரிடம்தானே இருக்கிறது, பயமென்ன என்கிறார்கள். கம்பெனி என்றாலே கணக்கு வேறு, தோழர்களே. ஆர்டர் உண்டானால் ஆள் உண்டு. டாங்கியை எவனும் கொல்லைப்புறத்தில் செய்துவிட முடியாது. சட்டையை எந்த முதலாளியும் தைப்பான். உடுப்புத் தொழிற்சாலையின் தையல் தொழிலாளிதான் முதல் அடியை வாங்குவான். பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 2019-ல் 72,400 ரைபிள்களுக்கு அமெரிக்க சிக் சாவர் கம்பெனியிடம் ஆர்டர் கொடுத்தார்கள். ரைபிள் செய்யத் தெரிந்த தொழிற்சாலை நம் திருச்சியிலேயே இருக்கிறது!

விவசாயத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஜூனில் மூன்று வேளாண் சட்டங்களும் அவசரச் சட்டமாகத்தான் வந்தன. டில்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் வாபஸ் என்று பிரதமரே சொன்னார். அதே ஆண்டில் தளவாடத் தொழிலாளி தனியாக நின்றான். அவனை டெபுடேஷன் என்று முதலில் 2 ஆண்டுக்குக் கம்பெனிக்கு அனுப்பினார்கள், பிறகு நீட்டித்தார்கள். ஓய்வு பெறும் நாள் வரை மத்திய சர்க்கார் ஊழியனாகவே இருக்க வேண்டும் என்பது அவன் கோரிக்கை. அடுத்த முறை ஆவடியில் வாயிற்கூட்டம் என்றால், ஷிப்ட் விடுவதற்கு அரைமணி முன்னாலேயே நாம் அங்கே நிற்க வேண்டும். களத்துமேட்டிலிருந்து வருகிறவர்கள் கொடியோடு வாருங்கள்.