கனி பருக்கச் செய்யும் மருந்துகள்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



இந்தியாவின் முதல் நகர ஐக்கிய நாணயச் சங்கம் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதிவு செய்யப்பெற்றது இக்காஞ்சிபுரத்திலேயாம். ஒருவரால் இயலாததைப் பலர் கூடிச் சாதிக்கும் அவ்வழக்கத்தை மாந்தோப்பிலும் கைக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

பயிரின் வளர்ச்சியை நடத்தும் பொருள்கள் சில பயிருக்குள்ளேயே மிகச் சிறிய அளவில் உண்டாகின்றன. அவற்றுள் ஜிப்ரலின் என்பது நெற்பயிர் நோயொன்றினால் வெளிப்பட்டது. நாற்று மிதமிஞ்சி நெடுத்து மெலிவதற்குக் காரணம், பூசணம் ஒன்று கக்கும் பொருளே என்று குரோசாவா என்னும் ஜப்பானியர் 1926-இல் தைவானில் நிரூபித்தார். விதையுள்ள கனிக்கு விதையே இத்தகைய பொருளை ஊட்டுகிறது. விதையில்லாத் திராட்சைக்கு அது போதாமையால் மணி சிறுத்துவிடுகிறது. ஆகவே லிட்டருக்கு 25 மில்லிகிராம் ஜிப்ரலிக் அமிலம் கலந்த நீரில், பூவின் மூடி உதிரும் பருவத்தில் ஒரு முறையும், மணி மிளகளவான பின் ஒரு முறையும் குலைகளை நனைத்தெடுப்பர்.

மாமரத்தின் குறை வேறு. பிடித்த பிஞ்சுகளில் பெரும்பகுதி உதிர்ந்துபோவதே நமது நஷ்டம். பிஞ்சு பட்டாணியளவு இருக்கையில் நாப்தலின் அசெட்டிக் அமிலத்தை லிட்டருக்கு 20 மில்லிகிராம் வீதம் தெளித்தால் உதிர்தல் குறையும். கடையில் 4.5 சதவீதச் சரக்காகக் கிடைப்பதில், 10 லிட்டர் நீருக்கு 4.5 மில்லி போதும். தங்கிய காயைப் பருக்கச் செய்வன எருவும் நீருமே. மருந்து உணவாகாது.

ஒரு சேலைக்கும் மறு சேலைக்கும் நிறம் ஒத்திருக்கச் சாயத்தை நிறுத்தே இடவேண்டும் என்பதை இவ்வூரார்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. இம்மருந்தில் அளவு அதனினும் முக்கியம். அயல்நாடுகளில் ஆப்பிள் தோட்டக்காரர், மிகுதியான பிஞ்சுகளை உதிர்ப்பதற்கே இதே அமிலத்தைத் தெளிக்கின்றனர். எனவே அளவும் பருவமும் தவறினால், பிஞ்சைக் காக்கும் மருந்தே பிஞ்சை உதிர்க்கவும் கூடும். தோப்பின் பலனை நம்பிக் கடன் பெற்ற அங்கத்தினருக்கு இது சிறு விஷயமன்று.

ஆகையால் மூன்று யோசனைகள் கூறுகிறேன்.

முதலாவது, 100 மில்லிப் புட்டி ஒன்று சுமார் 220 லிட்டர் நீருக்குக் காணும். சில மரங்களே உடையவர் தனித்து வாங்குதல் வீண் செலவு. சங்கமே உரிமம் பெற்ற கடையில், ரசீதுடன் வாங்கிப் பங்கிடலாம்.

இரண்டாவது, அளவுக் குழாய் ஒன்றைச் சங்கத்தில் வைத்து, வேளாண்மை அதிகாரியின் யோசனைப்படி ஒருவரே அளந்து கொடுக்கட்டும். புட்டி மூடியால் அளப்பது ஆகாது.

மூன்றாவது, ஒவ்வொரு தோப்பிலும் இரண்டு மரங்களை மருந்து தெளிக்காமல் விட்டு, அவற்றின் காய்களையும் மற்ற மரங்களின் காய்களையும் எண்ணி நிறுத்துச் சங்கக் கணக்கில் பதிவு செய்யுங்கள். செலவு போக லாபம் கண்டால் மறு வருஷமும் வாங்குவோம். காணாவிடில் நிறுத்துவோம். விற்பவர் சொல்லை நம்பியன்று, நமது கணக்கை நம்பியே நாம் பணம் செலவிடுவோமாக.