வந்தியின் பங்கும் வரிக் கணக்கும்

(வினாயகபுரம் இந்து இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையிலே சமயம் பேசுவதும் தமிழ் பேசுவதும் வழக்கம். நாமோ வரியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். "கோயிலடியில் நின்று வரிக்கதை பேசுவதா?" என்று பெரியோர் சிலர் புருவம் நெரிப்பது தெரிகின்றது. ஆயினும் நம் சமயக் கதைகளிலே மிக அழகிய கதை ஒன்று வரிக்கதையே என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகின்றோம்.

வைகை பெருகிக் கரை உடைந்தது. குடிக்கொரு பங்காகக் கரையை அளந்து கொடுத்து அடைக்கச் சொன்னான் பாண்டியன். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது. ஆளில்லாத கிழவி அவள். எல்லார் பங்கும் அடைபட்டது. அவள் பங்கு மட்டும் அடைபடவில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமக்க வந்த பெருமான் முதுகிலே பிரம்படி விழுந்தபோது, அது அரசன் முதுகிலும் எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது என்பது புராணம்.

இக்கதையிலே நாம் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. வந்தி ஓடி ஒளியவில்லை. "எனக்குப் பங்கு விழவில்லை" என்று பொய் சொல்லவில்லை. தன்னால் இயலாததை ஒப்புக்கொண்டு, தனக்காகச் சுமக்க ஓர் ஆளைத் தேடினாள். தேடியவளுக்கே ஆள் கிடைத்தது. இன்றைய பேச்சின் சாரமும் இதுவே.

தோழர்களே! நம் கரையோர ஊர்களில் பிள்ளை ஒருவர் வெளிநாட்டில் இல்லாத வீதி இல்லை எனலாம். 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் கனடா சென்றனர். 1986 ஓகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கடலிலே உயிர்காப்புப் படகுகளில் 150க்கு மேற்பட்ட தமிழர் மிதந்து வந்ததை உலகமே கண்டது. 2010 இல் 'சன் சீ' என்னும் கப்பலில் 492 பேர் போய்ச் சேர்ந்தனர். உயிரைக் கையில் பிடித்துக் கடல் கடந்த நம்மவர், அங்கே ஒரு கடிதவுறையைப் பிரிக்க அஞ்சி நிற்பதை நாம் அறிவோம்.

நம் ஊர்ப்பக்கத்து அண்ணன் ஒருவர் ரொறன்ரோவில் இருக்கின்றார். போய்ச் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டும் உணவகச் சமையற்கட்டில் கைக்காசுக்கு வேலை. பின் நான்கு ஆண்டு தொழிற்சாலையில் சம்பளம். "அகதியாய் வந்தவனுக்கு வரிக் கணக்குத் தேவையில்லை" என்று யாரோ சொன்னதை நம்பி, ஆறு ஆண்டும் வருமான வரி விபரத்திரட்டு ஒன்றேனும் கொடுத்தாரில்லை. பின்பு கடிதங்கள் வந்தன. அங்குள்ள தமிழரிடம் காட்ட வெட்கம். மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றவர் என்ற காரணத்தால் அவற்றைப் படம் பிடித்து எமக்கு அனுப்பினார். அவற்றைப் பொருள் சொல்லி விளக்கும் பொருட்டே இவ்விதிகளை நாம் படிக்க நேர்ந்தது. படித்ததை இங்கே பகிர்கின்றோம்.

கனடாவின் வருமான வரி, 1917 இல் முதல் உலகப்போர்ச் செலவுக்கென வந்தது. போர் முடிந்தும் வரி முடியவில்லை. அங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை ஓர் ஆண்டு. அடுத்த ஏப்ரல் 30க்குள் விபரத்திரட்டு கொடுக்கவேண்டும். சுயதொழில் செய்வோர்க்கு ஜூன் 15 வரை தவணை. ஆனால் கட்டவேண்டிய பணத்துக்கு ஏப்ரல் 30 தான் எல்லை. புதிதாய்க் குடியேறியவர் எந்நாளில் அங்கே வாழ்க்கையை ஊன்றினாரோ அந்நாள் தொடங்கிக் கணக்கு. அகதி, நிரந்தர வதிவாளர், மாணவர் என்ற பெயர் வேறுபாட்டால் மட்டும் இக்கடமை நீங்குவதில்லை. அந்நாள் முதல் உலகில் எங்கே வருமானம் வந்தாலும் சொல்லவேண்டும். இங்குள்ள வயற் குத்தகைக் காசும் அதில் அடங்கும். இலங்கைக்கும் கனடாவுக்கும் இரட்டை வரி தவிர்க்கும் உடன்படிக்கை இருப்பதால், இங்கே கட்டிய வரிக்கு அங்கே கழிவு கேட்கலாம்.

காலந் தாழ்த்தினால் தண்டம் என்ன? கட்டவேண்டிய வரியில் நூற்றுக்கு 5; அதன்மேல் முழுதாய்க் கழிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் நூற்றுக்கு 1; அதுவும் 12 மாதம் வரையே. 2,000 டொலர் கட்டவேண்டியவர் நான்கு மாதம் பிந்தினால் 180 டொலர். எத்தனை ஆண்டு பிந்தினும் இத்தண்டம் 340 டொலருக்கு மேற்போகாது. வரியும் தண்டமும் கட்டும்வரை நாள்தோறும் வட்டி வளரும் என்பது வேறு. கொடுக்கும்படி முறையாகக் கேட்டும் கொடாதவர், முந்திய மூன்றாண்டுக்குள் ஒருமுறை தண்டமும் பெற்றிருந்தால், தண்ட வீதம் இரட்டிக்கும். இனி, வேலைத்தலத்திலேயே வரி கழிக்கப்பட்டு, கட்டவேண்டிய பாக்கி ஒன்றும் இல்லாதவருக்கோ, இந்தத் தண்டமே இல்லை. நூற்றுக்கு ஐந்து என்பது பூச்சியத்தில் பூச்சியந்தானே!

அண்ணனுக்கு நிகழ்ந்தது இதுவே. தொழிற்சாலையில் உழைத்த நான்கு ஆண்டுக்கும் அரசுதான் அவருக்குப் பணம் திருப்பித் தரவேண்டியிருந்தது! கைக்காசு வாங்கிய இரண்டு ஆண்டுக்கே அவர் கடன்காரர். அவ்விரண்டுக்குமான வரியும் தண்டமும் வட்டியும் சேர்ந்தும், அவர் இரவில் உறக்கமின்றி எண்ணிய தொகையின் ஓரத்துக்கும் வரவில்லை. பேய்க்குப் பயந்து சுற்றுவழி போனவன், விடிந்தபின் பார்த்தால் அது பனங்குற்றி!

ஆனால் பயத்தின் விலை வேறிடத்தில் இருந்தது. குழந்தைகளுக்கு அரசு தரும் உதவிப்பணம் தொடர்ந்து கிடைக்கக் கணவனும் மனைவியும் ஆண்டுதோறும் விபரத்திரட்டு கொடுக்கவேண்டும். வருமானமே இல்லாவிடினும் கொடுக்கவேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர், வரிக் கடமை உள்ளவராயின், முந்திய ஐந்தாண்டில் மூன்றாண்டுக் கணக்கேனும் கொடுத்திருக்கவேண்டும். பெற்றோரை நிரந்தரமாக வரவழைக்கும் திட்டத்தில் தொடர்ச்சியாக மூன்றாண்டு வருமானத்தைக் காட்டவேண்டும். அதற்குச் சான்று வரிக் கணிப்பு அறிவித்தலே. அத்திட்டத்தில் வாய்ப்பு எல்லார்க்கும் கிடைப்பதன்று. எனினும் கேட்கும் தகுதியையே அண்ணன் ஆறு ஆண்டு இழந்திருந்தார். கடைசி அறிவித்தல் அவர் கைக்கு வந்த மாதத்திலே அவர் தாயார் இங்கே கண்மூடினார். அந்த அம்மாவின் கட்டிலருகே கைபேசியைப் பிடித்து முகங்காட்டியவர்களில் நாமும் ஒருவர். இப்பொழுது அவர் அங்கே சித்திராபூரணை விரதம் இருக்கின்றார்.

இதைக் குறை சொல்லக் கூறவில்லை. நம்மவர் அச்சத்துக்கு வேர் உண்டு. அரசாங்கத்தின் கடிதம் என்றால் நன்மை வரும் என்று நம் தலைமுறைகள் பழகியதில்லை. 2024 ஆம் ஆண்டு தொடக்கத்தில் 18 வயது நிறைந்தோர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து இலக்கம் பெறவேண்டும் என்ற விதி வந்தபோது, "பதிந்தால் பிடிப்பார்கள்" என்ற பேச்சு எழுந்ததை மறந்தோமா? இலக்கம் பெறுவது வேறு, வரி கட்டுவது வேறு. 2025 ஏப்ரல் முதல் இங்கே ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் விலக்கு உண்டு. தெரியாமையே பாதிப் பயம்.

அப்படியாயின் பிந்தியவர் செய்யவேண்டியது என்ன? ஒன்று: பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடவேண்டும்; தொலைந்தவற்றைத் தொழில் தந்தவரிடமோ வரி முகவரகத்திடமோ கேட்டுப் பெறலாம். இரண்டு: ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியே விபரத்திரட்டு கொடுக்கவேண்டும். திரும்பப் பெறவேண்டிய பணத்தைப் பத்தாண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம் என்பதால், காலம் போயிற்று என்று கைவிடலாகாது. மூன்று: முகவரகம் கேட்குமுன் தாமாக முன்வந்து சொல்வோர்க்குத் தண்டத்திலும் வட்டியிலும் சலுகை தரும் திட்டம் உண்டு, கேட்டபின் சொல்வோர்க்குச் சலுகை குறைவு. நான்கு: ஒரே முறையில் கட்ட இயலாதவர் தவணை கேட்கலாம். ஐந்து: குறைந்த வருமானமும் எளிய கணக்கும் உடையோர்க்குத் தொண்டர்கள் இலவசமாகச் செய்துதரும் நிலையங்கள் உண்டு, சிக்கலான கணக்குக்கு நல்ல கணக்காளரை நாடவேண்டும்.

மிஷன் பாடசாலையிலே சகேயு என்னும் ஆயக்காரன் கதையை நாம் படித்தோம். பிறரிடம் அநியாயமாய் வாங்கியதை, ஒருவரும் கேளாமலே நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்தான் அவன். வந்தியையும் சகேயுவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கின்றோம். ஒருத்தி இயலாமையை மறைக்கவில்லை. ஒருவன் குற்றத்தை மறைக்கவில்லை. இருவர் வாசலுக்கும் இறைவன் தானே நடந்து வந்தான் என்றே இரு சமயத்தாரும் சொல்கின்றனர்.

பெரியோர்களே! வெளிநாட்டுப் பிள்ளையோடு பேசும்போது "சாப்பிட்டாயா?" என்று கேட்கின்றோம், "காசு அனுப்பினாயா?" என்றும் கேட்கின்றோம். ஏப்ரல் மாதத்திலே புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும்போது, "கணக்குக் கொடுத்தாயா, மகன்?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். தோழர்களே! கடிதம் கண்டு கலங்கி நிற்போருக்கு அதை வாசித்துச் சொல்ல நமது மன்றத்தில் ஆட்கள் இருக்கட்டும். உதிர்ந்த பிட்டும் வேண்டாம்; உண்மையைச் சொன்னால் போதும், கூடையை நாம் சுமப்போம்.