கறுப்பினப் பண்பாடுகளில் தோல்நிறச் சொற்கள்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், கறுப்பின மக்களிடையே தோலின் நிறத்தைக் குறிக்க வழங்கும் சொற்கள். ஓர் இனத்தார் மற்றோர் இனத்தாரைத் தாழ்த்துவதை இனவாதம் என்கிறோம். ஓர் இனத்துக்குள்ளேயே வெளிர்ந்த நிறத்தாரை உயர்த்தியும் அடர்ந்த நிறத்தாரைத் தாழ்த்தியும் நடத்துவது அதனினும் வேறானது. அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1982இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குக் 'கலரிசம்' என்னும் பெயரை வழங்கினார். நாம் இதனை நிறப்பாகுபாடு என்போம்.

மொழியியல் மாணவர்களாகிய நாம் இங்கே கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. நிறத்தைக் குறிக்கும் சொற்கள்தாம் இப்பாகுபாட்டை உண்டாக்குகின்றனவா? அவ்வாறாயின், சொற்களை மாற்றினால் அல்லது நீக்கினால் பாகுபாடும் நீங்க வேண்டும். வரலாறு இந்தச் சோதனையை நமக்காக மூன்று நாடுகளில் நடத்தி வைத்திருக்கிறது. ஒரு நாடு எல்லாரையும் ஒரே சொல்லால் அழைத்தது. ஒரு நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் பெருகின. ஒரு நாடு இடைநிலைச் சொற்களைத் தன் பதிவேட்டிலிருந்து நீக்கியது.

முதலில் ஹைத்தி. அது பிரெஞ்சுக் குடியேற்றமாக, சான் டொமிங் என்ற பெயரோடு இருந்தபோது, கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தனர். தோட்ட முதலாளிகளுக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுள் சிலர் விடுதலை பெற்றனர். சிலர் நிலமும் அடிமைகளும் உடையவராயினர். ஆகவே ஒருவருடைய உடலில் வெள்ளையர் குருதி எத்தனை பங்கு என்பது சொத்தையும் உரிமையையும் தொட்ட வினாவாயிற்று. மொரோ தெ சான் மெரி என்பவர் 1797இல் வெளியிட்ட நூலில் ஒரு மனிதனை 128 பங்குகளாகப் பிரித்துக் கணக்கிட்டார். ஏழு தலைமுறைக்கு மேலே சென்றால் ஒருவருக்கு 128 முன்னோர். அவருள் எத்தனை பேர் வெள்ளையர் என்பதே கணக்கு. முலாட்ர், கார்த்தரோன், கிரிஃப், சகாத்ரா, மராபு என்று ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது.

அடிமைகள் கிளர்ந்தெழுந்து வென்று, 1804இல் ஹைத்தி விடுதலை பெற்றது. 1805ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஒரு வியப்பான விதியைச் செய்தது. ஹைத்தியர் அனைவரும், எந்த நிறத்தினராயினும், 'கறுப்பர்' என்ற பொதுப்பெயராலேயே அறியப்படுவர் என்பது அவ்விதி. குடியுரிமை பெற்ற போலந்துக்காரரும் ஜெர்மானியரும் அவ்விதிக்குள் அடங்கினர். இதன் தடம் இன்றும் ஹைத்தியக் கிரியோல் மொழியில் உள்ளது. அம்மொழியில் 'நெக்' என்றால் ஆள், மனிதன். 'பிளான்' என்றால் அயல்நாட்டான். வெளிநாட்டிலிருந்து வரும் கறுப்பரும் அங்கே 'பிளான்' எனப்படுவதுண்டு.

சொல் ஒன்றாயிற்று, வாழ்வு ஒன்றாகவில்லை. நிலமும் கல்வியும் அரசுப் பதவியும் வெளிர்நிற மேட்டுக்குடியினரிடம் பெரிதும் தங்கின. செல்வனான கறுப்பன் முலாட்டாகிவிடுவான், ஏழையான முலாட்டு கறுப்பனாகிவிடுவான் என்ற கருத்தில் அந்நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. நிறச்சொல் தோலைவிட்டுப் பணப்பையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது என்பதை ஏழை மக்களே கண்டு சொல்லியிருக்கிறார்கள். எந்த மொழியியலாளரும் இதனைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது பிரேசில். அமெரிக்கக் கண்டத்தில் அடிமை முறையைக் கடைசியாக, 1888இல், ஒழித்த நாடு அது. 1976இல் அங்கே அரசின் புள்ளியியல் நிறுவனம் ஒரு கணக்கெடுப்பில், மக்கள் தங்கள் நிறத்தைத் தங்கள் சொல்லாலேயே கூறலாம் என விட்டது. 130க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து குவிந்தன. பால் கலந்த காப்பி, இலவங்கப்பட்டை, வெயிலில் கருகியது, கோதுமை என்னும் பொருளுடைய பெயர்களெல்லாம் அவற்றுள் இருந்தன. 'கோதுமை நிறம்' என்று நாமும் சொல்வதை இங்கே நினைக்கலாம்.

இத்தனை சொற்கள் இருப்பதனால் அங்கே பாகுபாடு கரைந்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்தனர். ஆனால் மிகப் பெரும்பாலோர் சில சொற்களையே பயன்படுத்தினர். அப்பெயர்களை உற்றுநோக்கினால் மற்றோர் உண்மையும் புலப்படும். அவற்றுட் பல 'கறுப்பு' என்ற சொல்லிலிருந்து ஓர் அடி விலகி நிற்க உதவும் சொற்கள். கறுப்பு என்பதற்கு 'பிரேத்தோ', வெண்மைக்கும் கருமைக்கும் இடைப்பட்டதற்கு 'பார்தோ' என்பன அரசு வகைகள். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம்மைப் பார்தோ என்றோர் 45.3 விழுக்காடு, வெள்ளையர் என்றோர் 43.5 விழுக்காடு, பிரேத்தோ என்றோர் 10.2 விழுக்காடு. கறுப்பர் இயக்கத்தினர் பார்தோ, பிரேத்தோ ஆகிய இரு வகையினரையும் சேர்த்து 'நேக்ரோ' என்று அழைக்க வேண்டும் என வற்புறுத்தி வந்துள்ளனர். சொற்பெருக்கம் தங்கள் வலிமையைச் சிதறடிக்கிறது என்பது அவர்கள் வாதம்.

மூன்றாவது அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 'முலாட்டோ' என்ற வகை நுழைந்தது. 1890இல் கால்பங்குக் கறுப்பர், எட்டில் ஒரு பங்குக் கறுப்பர் என்னும் பொருளுடைய 'குவாட்ரூன்', 'ஆக்டரூன்' என்ற வகைகளும் சேர்ந்தன. 1930இல் முலாட்டோ என்பதும் மறைந்தது. ஒரு துளி ஆப்பிரிக்கக் குருதி இருந்தாலும் அவர் கறுப்பரே என்ற விதி நிலைபெற்றது. இடைநிலைச் சொற்கள் பதிவேட்டில் இல்லை; ஆனால் வீட்டிலும் தெருவிலும் 'ஹை யெல்லோ', 'ரெட்போன்' என வெளிர்நிறத்தாரைக் குறிக்கும் பேச்சுச் சொற்கள் வாழ்ந்தன. பழுப்புக் காகிதப் பையைவிடக் கருத்தவருக்குச் சில விருந்துகளிலும் சங்கங்களிலும் இடமில்லை என்ற வழக்கம் பற்றிய நினைவு அம்மக்களிடையே இன்றும் உள்ளது. வாலஸ் தர்மன் 1929இல் வெளியிட்ட நாவல் ஒன்று, தன் குடும்பத்தாராலேயே கருநிறத்துக்காக ஒதுக்கப்பட்ட பெண்ணின் கதையைச் சொன்னது. அதாவது, அரசு சொற்களை விட்டொழிப்பதற்கு முன்னும் பின்னும் தரவரிசை இருந்தது.

ஒரே சொல்லாலும் தீரவில்லை. பல சொற்களாலும் தீரவில்லை. சொல்லை நீக்கியும் தீரவில்லை. ஆகவே தனிச்சொல்லைக் குற்றவாளியாக்குவது போதாது. இதனை உறுதிசெய்ய மேற்கு ஆப்பிரிக்க மொழிகள் நமக்கு உதவும். யொருபா மொழியில் அடிப்படை நிறச்சொற்கள் மூன்று: 'டூடூ' கருமை, 'ஃபுன்ஃபுன்' வெண்மை, 'பூப்பா' செம்மை. வெளிர்ந்த தோலுடைய ஒருவரை அவர்கள் 'பூப்பா' என்பர். கானாவின் அக்கான் மொழியிலும் 'கொக்கோ' என்னும் செம்மைச் சொல்லே வெளிர்ந்த தோலைக் குறிக்கிறது. பிறந்த கிழமையின் பெயரையே பலர் தாங்குவதால், ஒரே பெயருடைய இருவருள் ஒருவரைச் சிவந்தவர் என்றும் மற்றவரைக் கறுத்தவர் என்றும் வேறுபடுத்துவர். நாம் 'சிவப்பு' என்று வெளிர்நிறத்தைக் குறிப்பதும் இத்தகையதே. கருமை, வெண்மை, செம்மை என்ற மூன்றுமே பல மொழிகளில் முதலில் தோன்றிய நிறச்சொற்கள் என்று பெர்லினும் கேயும் 1969இல் எழுதினர். சொற்கள் சிலவேயாக இருக்கும் இடத்தில் பழுப்பின் வெளிர்ந்த வகை செம்மையின் எல்லைக்குள் அடங்குகிறது. இது வகைப்பாடு, இழிவுபடுத்தல் அன்று. கருமையும் மினுமினுப்பும் கொண்டவள் என்று பெண்ணைப் பாராட்ட 'அடுமாடான்' என்றே ஒரு சொல் யொருபாவில் உண்டு.

அப்படியானால் தரவரிசை எங்கே குடியிருக்கிறது? நம் விடை இது: அது தொடரில் குடியிருக்கிறது. மூன்று இடங்களைக் காட்டுகிறோம்.

முதலிடம் வினைச்சொல். கரீபியப் பகுதியில் ஸ்பானிய மொழி பேசுவோரிடையே, தம்மைவிட வெளிர்நிறத்தவரை மணப்பதை 'இனத்தை மேம்படுத்துதல்' என்று கூறும் வழக்கு உண்டு. இத்தொடரில் நிறச்சொல்லே இல்லை. ஆயினும் 'மேம்படுத்து' என்ற வினை, மணப்பவர் கீழே நிற்கிறார் என்பதைச் சொல்லாமலே முடிவாக்கிவிடுகிறது.

இரண்டாமிடம் பெயரடை. சுருண்ட தலைமயிரைக் 'கெட்ட மயிர்' என்றும் நீண்டு படிந்ததை 'நல்ல மயிர்' என்றும் அமெரிக்கக் கறுப்பரும் கரீபியரும் வழங்கியுள்ளனர். தமிழில் 'நல்ல நிறம்' என்றால் என்ன நிறம் என்று நாம் கேட்பதில்லை. 'கலராக இருக்கிறாள்' என்றால் வெளிர்ந்தவள் என்றே பொருள். கருத்தவளை 'நிறம் கம்மி' என்கிறோம். ஆங்கிலத்தில் 'நிறமுடையோர்' என்றால் வெள்ளையர் அல்லாதார். தமிழில் 'நிறமாக இருப்பவர்' என்றால் கருப்பல்லாதார். இருமொழியும் எதிரெதிர்த் திசையில் சென்று ஒரே வேலையைச் செய்கின்றன.

மூன்றாமிடம் எதிர்மறை இணைப்பு. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பலர் கேட்டு வருந்திய பாராட்டு ஒன்று உண்டு: கருநிறப் பெண்ணாக இருந்துங்கூட நீ அழகிதான் என்பது. நம் வீடுகளில் அதன் உடன்பிறப்பு வாழ்கிறது: 'கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்.' இத்தொடரில் கறுப்பு குற்றமற்ற சொல். களை இனிய சொல். இரண்டுக்கும் நடுவே நிற்கும் '-ஆலும்' என்னும் ஈறே பழியைச் சுமக்கிறது. கருமையும் அழகும் பொதுவாகச் சேர்ந்திரா என்ற நம்பிக்கையை அது பேசாமல் பேசுகிறது. பாராட்டாக வருவதால் பிள்ளை அதனை மறுக்கவும் இயலாது.

ஆசிரியர்களாகிய நாம் இங்கே செய்யத்தக்கது உண்டு. மொழியியலில் பதிலீட்டுச் சோதனை என்பது எளிய கருவி. ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதன் எதிர்ச்சொல்லை வைத்துப் பார்ப்பது. 'சிவப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்' என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர் சிரிப்பர். ஏன் சிரித்தீர்கள் என்ற ஒரு வினா போதும். மறைந்திருந்த நம்பிக்கையை அவர்களே வெளியே எடுத்து வைப்பர். கட்டுரையில் மனிதரை வருணிக்கும் பாடத்தின்போது இதனைச் செய்யலாம். கறுப்பு என்ற சொல்லை வகுப்பில் தடைசெய்வதை நாம் பரிந்துரைக்கவில்லை. அதனைச் சொல்லக் கூசி 'நிறம் கம்மி' என்று பூசி மெழுகும்போதுதான் கருமை ஒரு குறைபாடாகிறது.

பட்டப்பெயர்களிலும் விழிப்பு வேண்டும். பிரேசிலில் 'நேகா' என்று கணவன் மனைவியை அழைத்தால் அன்பு. அயலான் அழைத்தால் அவமதிப்பாகலாம். நம்மிடையே 'கறுப்பி' என்பதும் அப்படியே. பாட்டி மடியில் அது கொஞ்சல். பள்ளி வரிசையில் அது வேறு. யார், யாரை, எங்கே, யார் முன்னிலையில் அழைக்கிறார் என்பதில் பொருள் பிறக்கிறது. அழைக்கப்படும் பிள்ளையின் முகமே அங்கே அகராதி.

2012இல் செனகல் தலைநகர் டாக்காரில் தோலை வெளுக்கும் களிம்பொன்றின் விளம்பரப் பலகைகள் எழுந்தன. களிம்பின் பெயர் வொலோஃப் மொழியில் 'ஹெஸ் பெச்'. 'ஹெஸ்' வெளிர்நிறம், 'பெச்' அதனை மிகுவிக்கும் அடை. நம் வெள்ளைவெளேர், செக்கச்செவேல் போன்ற ஆக்கம். அதனை எதிர்த்தோர் அதே இலக்கணத்தைக் கையில் எடுத்து 'ஞூல் குக்' என்று தங்கள் இயக்கத்துக்குப் பெயரிட்டனர். நாம் 'கன்னங்கரேல்' என்போமே, அதுதான். அவர்கள் எந்தச் சொல்லையும் மறைக்கவில்லை. புதிதாகப் படைக்கவும் இல்லை. தங்கள் மொழியில் முன்பே இருந்த சொல்லைப் பெருமையுடைய தொடரில் நிறுத்தினார்கள்.

நம் சங்கப் புலவர்களுக்கு மாமை நிறம் பெண்ணின் நலம்; அது வெளிறிப் பசலை பாய்வது துன்பத்தின் அடையாளம். அந்தச் சொற்கள் நம்மிடம் இன்றும் உள்ளன. நாளைய வகுப்பில் அவற்றை எந்தத் தொடரில் வைக்கப் போகிறோம் என்பதே நம் முன் உள்ள பணி.