சிறைவாயிலுக்குத் தானே நடந்து சென்ற பத்திராதிபர்

(வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்திராதிபர் என்பவர் யார்? பிறர் எழுதியவற்றைத் திருத்தி அச்சுக்கு அனுப்புபவர் என்றே நம்மிற் பலரும் எண்ணுகின்றோம். ஏடு வெளிவந்த பின்னர் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் சட்டத்தின் முன் நின்று விடை கூறவேண்டியவரும் அவரே என்பதை மறந்துவிடுகின்றோம். அக்கடமைக்காகத் தம் உயிரையே விலையாகக் கொடுத்த ஒருவரின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவர் ஜேர்மனி தேசத்தவர். கார்ல் வொன் ஒசியெற்ஸ்கி என்பது அவர் பெயர்.

1889ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி ஹம்பேர்க் நகரில் அவர் பிறந்தார். பெயரிலே பிரபுக்களுக்குரிய அடைமொழி இருந்ததேயன்றி வீட்டிலே செல்வம் இருக்கவில்லை. பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாமலே நீதி நிருவாகத்தில் எழுதுவினைஞராக அமர்ந்தார். இராணுவ நீதிமுறையைக் கண்டித்து எழுதியமைக்காக 1914இலேயே அபராதம் செலுத்தினார். 1916இல் அவரைப் படையிற் சேர்த்து மேற்குப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மீண்டவர் ஜேர்மன் சமாதானச் சங்கத்தின் செயலாளரானார். பின்னர் பத்திரிகைத் தொழிலையே தமது வாழ்வாக்கிக் கொண்டார்.

பேர்லினில் வெளிவந்த ‘வெல்ட்பூனே’ என்னும் வார ஏட்டின் ஆசிரியப் பொறுப்பு 1927இல் அவரிடம் வந்தது. ‘உலக அரங்கு’ என்பது அப்பெயரின் பொருள். சீக்பிரீட் யாக்கொப்சன் என்பவர் 1905இல் நாடக விமர்சன ஏடாகத் தொடங்கி, அரசியல் ஏடாக வளர்த்த பத்திரிகை அது. ஏறத்தாழப் பதினையாயிரம் பிரதிகளே விற்பனையாயின. ஆயினும் அச்சிறிய ஏட்டைக் கண்டு ஜேர்மன் இராணுவத் தலைமை அஞ்சியது. ஏன் அஞ்சியது?

முதலாம் மகாயுத்தத்திற்குப் பின் ஏற்பட்ட வேர்சேல்ஸ் உடன்படிக்கையின்படி ஜேர்மனி விமானப்படை வைத்திருத்தல் ஆகாது. ஆனால், பொது விமானப் போக்குவரத்து என்னும் போர்வையில், பொதுமக்களின் வரிப்பணத்தைக் கொண்டு இராணுவ விமான வேலைகள் மறைவாக நடைபெற்று வந்தன. இதனை 1929 மார்ச்சில் வெல்ட்பூனே வெளிப்படுத்தியது. கட்டுரையை எழுதியவர் வால்டர் கிறைசர் என்னும் விமானத்துறை அறிஞர், புனைபெயரில் எழுதினார். விமானங்கள் யாவும் எப்போதும் ஜேர்மனியிலேயே இருப்பதில்லை என்றும் அவர் குறிப்பாற் சுட்டியிருந்தார். சோவியத் நாட்டின் லிப்பெட்ஸ்க் நகரில் ஜேர்மன் விமானிகள் இரகசியமாகப் பயிற்சி பெற்றமை பின்னாளில் உலகறிந்த செய்தியாயிற்று.

அரசாங்கம் என்ன செய்தது? கட்டுரை பொய்யென்று மறுக்கவில்லை. இராணுவ இரகசியத்தைக் காட்டிக்கொடுத்த குற்றத்தை ஆசிரியர்மீதும் கட்டுரையாளர்மீதும் சுமத்தியது. நண்பர்களே, இதனைச் சற்று ஆராய்ந்து பாருங்கள்! கட்டுரை பொய்யாயின் அதில் இரகசியம் ஏது? அஃது இரகசியமேயாயின், உடன்படிக்கையை மீறியவர் யார்? இக்கேள்விகளைப் பொதுமக்கள் கேட்டுவிடலாகாது என்பதற்காகவே போலும், லைப்சிக் நகரிலிருந்த உச்ச நீதிமன்றம் கதவுகளை மூடிவைத்து விசாரணை நடத்தியது. 1931 நவம்பர் 23ஆந் திகதி இருவருக்கும் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கிறைசர் பிரான்சுக்குச் சென்றுவிட்டார். ஒசியெற்ஸ்கிக்கும் வழி திறந்தே இருந்தது. அவர் போகவில்லை. எல்லையைத் தாண்டியவனின் குரல் தாய்நாட்டு மக்களின் செவியில் வலிமையிழந்தே ஒலிக்கும் என்பது அவர் கொண்ட கருத்து. 1932 மே 10ஆந் திகதி எழுத்தாளர் பலர் புடைசூழச் சென்று, தெகெல் சிறைச்சாலையின் வாயிலிலே தம்மைத் தாமே ஒப்படைத்தார். போர்வீரரைக் கொலைஞர் என்று குர்ட் துக்கோல்ஸ்கி எழுதிய ஒரு வாக்கியத்திற்காகவும் அதே ஆண்டில் ஆசிரியரே வழக்கை எதிர்கொள்ள நேர்ந்தது. அதில் விடுதலை கிடைத்தது.

1932 டிசம்பரில் பொது மன்னிப்பினால் வெளியே வந்தார். அடுத்த மாதம் ஹிட்லர் பதவியேறினார். வெளியேறிவிடுமாறு நண்பர்கள் மன்றாடினர், அவரோ தங்கினார். பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றிய இரவு கழியுமுன்னரே, 1933 பெப்ரவரி 28ஆந் திகதி, அவரைக் கைது செய்தனர். மார்ச் மாதத்தோடு வெல்ட்பூனே நின்றது. சொன்னன்பேர்க் முகாமிலும், பின்னர் எஸ்ரர்வேகன் முகாமிலும் அவர் அடைந்த சித்திரவதை சொல்லுந்தரமன்று. 1935இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் அங்கு சென்ற கார்ல் பூர்க்ஹார்ட் கண்டது, நடுங்கும் உடலும் உடைந்த பற்களுமாய் நின்ற ஓர் உருவத்தை.

அவருக்குச் சமாதான நோபல் பரிசு வழங்கவேண்டுமென்ற இயக்கம் நாடு கடந்து எழுந்தது. ஐன்ஸ்டைன் ஆதரித்தார், தோமஸ் மான் ஆதரித்தார். பின்னாளில் மேற்கு ஜேர்மனியின் பிரதமரான வில்லி பிராண்ட், அந்நாளில் நோர்வேயில் அகதியாயிருந்த இளைஞர், அவரும் உழைத்தார். இலக்கியத்திற்காக நோபல் பரிசு பெற்ற நட் ஹம்சுனோ ஒசியெற்ஸ்கியை ஏளனஞ் செய்து எழுதினார்! 1935ஆம் ஆண்டுக்குரிய பரிசு 1936 நவம்பரில் அவருக்கு அறிவிக்கப்பட்டது. மறுத்துவிடும்படி கோரிங் வற்புறுத்தினார். நோயுற்று, காவலிலிருந்த நிலையிலும் அவர் ஏற்றுக்கொண்டார். சினமுற்ற ஹிட்லர், இனி எந்த ஜேர்மனியரும் நோபல் பரிசு பெறலாகாதென 1937 ஜனவரியில் ஆணையிட்டார். ஒஸ்லோ செல்ல ஒசியெற்ஸ்கிக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1938 மே 4ஆந் திகதி பேர்லின் மருத்துவமனையொன்றில், பொலிசாரின் காவலிலேயே, காசநோயால் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

அவரிடம் குறை காண்போரும் உண்டு. சமூக ஜனநாயகக் கட்சியினரையும் குடியரசின் தலைவர்களையும் ஓயாது தாக்கியதால், ஹிட்லரை எதிர்த்து நிற்கவேண்டிய குடியரசையே அவர் தளர்த்திவிட்டார் என்பர். இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிடலாகாது. எனினும் அக்குடியரசைக் கவிழ்த்தவர்கள் யார்? உண்மை எழுதியவனைச் சிறையிலிட்டு, மறைவில் ஆயுதம் சேர்த்தவர்களைக் காப்பாற்றிய நீதிமன்றங்கள் அதற்கு எவ்வளவு காவலாக இருந்தன?

இன்னுமொன்று கேளுங்கள். ஓல்டன்பேர்க் பல்கலைக்கழகம் 1991இல் அவர் பெயரைத் தன் பெயராக்கிக் கொண்டது. ஆனால், பழைய தீர்ப்பை மீள விசாரிக்குமாறு அவருடைய மகள் தொடுத்த விண்ணப்பத்தை ஜேர்மனியின் உயர் நீதிமன்றம் 1992இல் நிராகரித்தது. உலகம் பரிசளித்த மனிதர் ஏட்டளவில் இன்றும் குற்றவாளியே!

ஆகவே அன்பர்களே, அரசு சட்டத்தை மீறும்போது அதை வெளியிடுபவன் துரோகியா என்னும் கேள்வி அவரோடு புதையுண்டு போகவில்லை. எந்த நாட்டிலும், எந்த மொழியிலும், ஓர் ஆசிரியரை அழைத்துச் செல்லப் பொலிசார் வரும்பொழுது அது மீண்டும் எழுகின்றது. அதற்கு நீதிபதிகள் மாத்திரம் விடையளித்தாற் போதாது. ஏட்டை வாங்கிப் படிக்கும் நாமும் விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆசிரியன் தன் சொல்லுக்காகச் சிறைவாயில் வரை நடப்பானாயின், அவ்வாயில் வரையேனும் அவனோடு நடக்கும் வாசகர் கூட்டம் வேண்டும். அக்கூட்டத்தில் நாமும் ஒருவராய் இருப்போமாக.