மின்சுற்றுப் பலகையில் ஒரு காலடித் தடம்

(வெள்ளிவிழாவினையொட்டித் தென்காசியில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



மின்சுற்றுப் பலகையில் ஈயம் வைக்கும் வேலைக்கு நம் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் வரை செல்கின்றனர். அப்பலகையை வரையும் வேலைக்குச் செல்வோர் மிகச் சிலரே. வரைவதற்கு நம் ஊரை விட்டுப் போகவேண்டியதில்லை. மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்த பின், கணிப்பொறி வேலை சென்னைக்கே உரியது என்னும் எண்ணம் இப்பக்கத்தில் மாறிவிட்டது. ஆகவே வரைதலின் முதற்பாடத்தை இன்று சொல்ல விரும்புகிறேன்.

பலகையில் ஒவ்வோர் உறுப்பும் உட்கார ஓர் இடம் வேண்டும். அதன் கால்கள் நுழையும் துளைகள், துளையைச் சுற்றிய செம்புத் திட்டுகள், உறுப்பின் உருவத்தைக் காட்டும் வெள்ளை மைக்கோடு ஆகியவை சேர்ந்ததே ஃபுட்பிரிண்ட், அதாவது காலடித் தடம். நம் பெற்றோரில் பலர் செங்கற்சூளையில் கல் அறுத்தவர்கள். அச்சு சரியாக இருந்தால் ஆயிரம் கல்லும் சரி. கோணலாயின் ஆயிரமும் கோணல். தடமும் அத்தகைய அச்சே. ஒருமுறை வரைந்து நூலகத்தில் வைத்தால் எத்தனை பலகைக்கும் எடுத்தாளலாம்.

நான் பட்ட இழப்பையும் மறைக்கவில்லை. கிணற்று மோட்டாருக்கான நீர்மட்டக் கருவி ஒன்றினை வரைந்தேன். கம்பி முறுக்கும் டெர்மினலின் கால் இடைவெளியை 5.08 மில்லிமீட்டர் எனக் கொண்டேன். கடையில் வாங்கியதோ 5.00 மில்லிமீட்டர். இரண்டு கால் உள்ளதை வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. பன்னிரண்டு கால் உள்ளதை வைத்தபோது 11 இடைவெளியிலும் 0.08 வீதம் சேர்ந்து, கடைசிக் கால் 0.88 மில்லிமீட்டர் விலகி நின்றது! பத்துப் பலகைகளும் வீணாயின. நூலகத்தில் இருந்த தடத்தை அளந்து பாராமல் நம்பியதே என் குற்றம்.

வரையும் கருவிக்குப் பணம் வேண்டுமோ என அஞ்சவேண்டாம். பிரான்சு நாட்டுப் பேராசிரியர் ழான் பியேர் ஷாரா 1992-இல் தொடங்கிய கீகேட் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அதனோடு வரும் நூலகத்தில் கைவைக்காமல் நமக்கெனத் தனி நூலகம் ஒன்றினைத் திறந்துகொள்க. உறுப்பைத் தயாரித்தவர் வெளியிட்ட அளவுத்தாளைப் படித்து, வெர்னியரால் உறுப்பையும் அளந்து, இரண்டும் ஒத்த பின்னரே வரைக. கால் 0.6 மில்லிமீட்டர் தடிப்பாயின் துளை 0.8 இருக்கட்டும். முதற்காலின் திட்டினைச் சதுரமாக இடுவது மரபு. உறுப்பின் உடலைச் சுற்றிச் சிறிது வெற்றிடமும் குறிக்கவேண்டும். அதற்கு அத்துறையில் முற்றம் என்னும் பொருள்படும் பெயரே வழங்குகிறது.

கால் எண்களில் விழிப்பு மிக வேண்டும். பி.சி.547, 2என்3904 ஆகிய இரு டிரான்சிஸ்டர்களும் பார்வைக்கு ஒன்றே. தட்டைப் பக்கம் நம்மை நோக்கக் கால்கள் கீழ்நோக்கியிருக்கையில், இடமிருந்து வலமாக முன்னதில் கலெக்டர், பேஸ், எமிட்டர். பின்னதிலோ எமிட்டர், பேஸ், கலெக்டர். தடத்தின் பெயரில் உறுப்பின் எண்ணையும் எழுதிவிடுங்கள்.

வரைந்ததைத் தாளில் நூறு விழுக்காட்டு அளவில் அச்சிட்டு, உறுப்பின் கால்களைத் தாளிலேயே குத்திப் பாருங்கள். ஒரு தாளின் விலைதான். என் பத்துப் பலகைகளை அது காத்திருக்கும்.

குற்றாலச் சாரலையும் மறத்தலாகாது. ஈரமும் தூசியும் படிந்த பலகையில் 230 வோல்ட் மின்சாரம் திட்டுக்குத் திட்டு ஊர்ந்து செல்லும். ரிலேயின் மின்சாரப் பக்கத்துக்கும் நாம் தொடும் பக்கத்துக்கும் இடையே ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாமல் நான் விடுகிறேன். வெளியூரில் வரைந்த தடத்தில் இவ்வளவு இடம் இல்லையேல், நமக்கென விரித்து வரைவதே முறை. இது பணத்தைப் பற்றியதன்று; மோட்டார் போடச் செல்லும் நம் வீட்டார் உயிரைப் பற்றியது.

நம் சங்கத்தின் மாலைப்பள்ளிக் கணிப்பொறியில் அனைவருக்கும் பொதுவாக ஒரு நூலகம் திறக்கலாம் என்பது என் வேண்டுகோள். ஒவ்வொரு தடத்தின் கீழும் அளந்தவர் பெயர், நாள், தாளில் வைத்துப் பார்த்தாரா என்னும் குறிப்பு மூன்றும் இருக்கவேண்டும். அளந்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்றிருப்பது நலம்; தன் பிழை தன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வரும் ஞாயிறு காலை வெர்னியருடன் வருகிறேன். வீட்டில் பழுதான ரேடியோவோ, நீர்மட்டக் கருவியோ இருப்பின் எடுத்து வாருங்கள். அவற்றிலிருந்து கழற்றிய உறுப்புகளையே முதலில் அளப்போம்.