கடன் யாருக்கு, கதவடைப்பு யாருக்கு?

(முகையூரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆற்றைக் கெடுக்காமல் தொழில் நடத்த முடியுமா என்று கேட்டால், முடியும் என்று இன்று எல்லோரும் சொல்லுகிறார்கள். அதற்கு யந்திரம் இருக்கிறது. யந்திரத்துக்குப் பணம் யார் கொடுப்பது என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். அதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

நம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் திருப்பூர் போனவர்கள் உண்டு. அங்கே பனியன் துணிக்குச் சாயம் பிடிக்க உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில்தான் விழுந்தது. 1992ல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணை, சாயக்கழிவுக் குட்டையாகிவிட்டது. தண்ணீர் விடு என்று கேட்க வேண்டிய விவசாயி, இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனான். நிலம் உப்பேறியது. நிலத்துக்காரனுக்கு நஷ்டஈடு கணக்கிட்டார்கள். களையெடுக்கப் போன பெண்கள் இழந்த கூலியை யார் கணக்கிட்டார்கள்?

2006ல் சென்னை ஹைக்கோர்ட்டு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்றது. அது நடக்கவில்லை. 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன. தீர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு முதலாளியின் சொத்தல்ல. ஆனால் மூடிக்கிடந்த மாதங்களில் சாயத் தொழிலாளியின் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்க நாதியில்லை.

மாற்று வழி என்ன? கழிவை மெல்லிய சவ்வின் வழியே அழுத்தித் தள்ளினால் நல்ல தண்ணீர் பிரிந்து வரும். மிஞ்சுகிற கடும் உப்பு நீரைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். அந்தச் செலவுதான் ஆளை விழுங்கியது. பிறகு அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், அந்த உப்பு நீரையே தெளியவைத்து மறுபடி சாயத்துக்கு உபயோகிக்க வழி கண்டார்கள். காய்ச்சும் செலவும் குறைந்தது, உப்பு வாங்கும் செலவும் குறைந்தது. அருமையான வேலை, மறுக்கவில்லை.

பணம் எப்படி வந்தது? பெரிய முதலாளி சொத்தை ஜாமீன் காட்டிச் சொந்தமாகவே நிலையம் வைத்துக்கொண்டான். சின்னப் பட்டறைக்காரன் தனியாகப் பாங்கிப் படி ஏறினால் அலைச்சல்தான் மிச்சம். பலர் கூட்டாகச் சேர்ந்து பொது நிலையம் கட்டியபோதுதான் கடன் கிடைத்தது. அதுவும் பற்றாமல், 2011ல் மாநில சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. எதுவும் எட்டாதவர்கள் சிலர் காவிரிக்கரைப் பக்கம் போய்த் திருட்டுத்தனமாகச் சாயம் போட்டார்கள். கடன் மறுத்த இடத்தில் கழிவு ஒழியவில்லை, வேறு ஆற்றுக்குப் போயிற்று.

இனி நம் ஊர்க் கதை. 1969ல் 14 பாங்கிகள் தேசவுடைமையாயின. 2015ல் ரிசர்வ் பாங்கி, சூரிய சக்தி முதலியவற்றுக்குத் தரும் கடனை முன்னுரிமைக் கடனில் சேர்த்தது. 2019ல் சூரிய பம்புசெட்டுக்கு மத்திய சர்க்கார் திட்டம் வந்தது. விலையில் மத்திய சர்க்கார் 30 சதம், மாநிலம் 30 சதம், மீதி 40 விவசாயி தலையில். அதில் 30 வரை பாங்கிக் கடனாகப் பெறலாம். பம்புசெட் 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாங்கி 90 ஆயிரம் கொடுத்தால், கையிலிருந்து 30 ஆயிரம் போதும். கொடுக்காவிட்டால் 1 லட்சத்து 20 ஆயிரம்! மாநிலம் மானியத்தைக் கூட்டினால் இது குறையும், சரி. ஆனால் அந்த 90 ஆயிரத்தில்தான் ஒருவன் டீசல் எஞ்சினை விடுவதும் விடாததும் இருக்கிறது.

2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்கு ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கி உத்தரவு. ஜாமீன் வேண்டாம், ஆனால் பட்டா எங்கே என்கிறார்கள். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவன் பட்டாவுக்கு எங்கே போவான்? வெயில் அவன் தலையில்தான் காய்கிறது. அதை மின்சாரமாக்கும் தகடு மட்டும் பட்டாக்காரன் கொல்லையில்.

திருப்பூரில் கூட்டாகப் போனவர்களுக்குக் கதவு திறந்தது. இங்கும் நான்கைந்து குத்தகைதாரர்களுக்குச் சேர்த்து ஒரு பம்புசெட், கூட்டுப் பொறுப்பில் கடன், உழுகிறவன் என்பதற்குக் கிராம நிர்வாக அதிகாரியின் சான்று போதும். இதுதான் கோரிக்கை. மனு எழுதி வைத்திருக்கிறோம். குத்தகைக்கு உழுகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் கலைந்து போகாமல், பெயரும் சர்வே நம்பரும் கொடுத்துவிட்டுப் போங்கள்.